வாரிய வீடா, தனியார் வீடா? வாடகைக்குப் போகும் முன் பார்க்க வேண்டியவை

கோவையிலோ திருப்பூரிலோ வீடு தேடி இறங்கினால் முதலில் வாடகையைக் கேட்போம், அடுத்து அட்வான்ஸ், அதற்கடுத்து தண்ணீர். கடைசியில்கூடப் பலர் கேட்காமல் விடும் கேள்வி ஒன்று உண்டு. அதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்: "இந்த வீடு யாரு பேர்ல இருக்குதுங்க?" அட்வான்ஸுக்கு உச்சவரம்பு உண்டா, பிரச்சினை வந்தால் எந்த அலுவலகத்துக்குப் போவது, காலி செய்யச் சொன்னால் யார் முன் நின்று பதில் சொல்வது என எல்லாமே இந்தப் பதிலைப் பொறுத்துத்தான் மாறும்.

படி 1: வீடு யாருடையது என்று உறுதி செய்யுங்கள்

பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். கொங்குப் பகுதியில் ஊருக்கு ஊர், அரசின் வீட்டுவசதி வாரியம் (ஹவுசிங் போர்டு) உருவாக்கிய 'ஹவுசிங் யூனிட்' ஒன்று இருக்கிறது. அங்கே பல வீடுகள் தவணை கட்டி முடித்துக் கிரயப் பத்திரம் ஆகி, இரண்டு மூன்று கை மாறியவை. ஏரியாவின் பெயர் ஹவுசிங் போர்டு என்றாலும் அந்த வீடு இன்று தனியார் வீடுதான். அதே சமயம், சாதாரணத் தெருவில் நிற்கும் அடுக்குமாடி ஒன்று இன்னும் வாரியத்தின் பேரிலேயே இருக்கலாம்.

மூன்று காகிதங்களைக் கேளுங்கள்: வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது, கிரயப் பத்திரத்தின் நகல். மூன்றிலும் பெயர் ஒத்துப்போக வேண்டும். அப்பா பேரில் இருந்து மகன் வாடகைக்கு விடுகிறார் என்றால், அப்பா கையெழுத்து போடட்டும், அல்லது அவர் எழுதிக்கொடுத்த அதிகாரப் பத்திரத்தைக் காட்டட்டும். அப்பா காலமாகிவிட்டார் என்றால் வாரிசுச் சான்றில் உள்ள அத்தனை பேரின் சம்மதமும் வேண்டும். அண்ணன் தம்பி தகராறில் நடுவில் மாட்டுவது குடியிருப்பவர்தான்.

கிரயப் பத்திரம் இல்லை, வீட்டை ஒருவருக்கு ஒதுக்கி வாரியம் கொடுத்த 'ஒதுக்கீட்டு ஆணை' மட்டும் காட்டுகிறார்கள் என்றால் அது வாரிய வீடு. நேராகப் படி 4-க்குப் போங்கள்.

படி 2: எந்தச் சட்டம் என்று பாருங்கள்

1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 'நியாய வாடகை' நிர்ணயிக்கச் சொல்லி நீதிமன்றம் போகலாம் என்று பெரியவர்கள் சொல்வது அந்தச் சட்டத்தை வைத்துத்தான். இப்போது நடப்பில் இருப்பது 2017-இல் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்த தமிழ்நாடு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம். இதில் வாடகைக்கு உச்சவரம்பு கிடையாது. இரு தரப்பும் எழுதிக்கொண்ட தொகைதான் வாடகை.

இந்தச் சட்டம் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். அரசுக்கும், வீட்டுவசதி வாரியம் போன்ற சட்டப்பூர்வ அமைப்புகளுக்கும் சொந்தமான வீடுகளுக்கு இது செல்லாது. வேலையோடு சேர்த்துக் கொடுக்கும் மில் குவார்ட்டர்ஸ், கம்பெனிக் குடியிருப்பு போன்றவையும் இதற்கு வெளியே. வேலை போனால் அந்த வீடும் போகும் என்பதை மனதில் வைத்துக்கொண்டே அங்கே குடிபோக வேண்டும்.

படி 3: தனியார் வீடு என்றால்

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு போதாது. இரண்டு பிரதி எடுத்து இரண்டிலும் இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் வர வேண்டியவை: வாடகை, அட்வான்ஸ், எத்தனை மாதம், ஆண்டுக்கு எவ்வளவு ஏற்றம், மின்சாரம் யூனிட்டுக்கு எவ்வளவு, தண்ணீருக்கும் மராமத்துக்கும் தனியாக உண்டா, காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு.

இங்கே எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று. "பதினோரு மாசத்துக்குத்தானுங்க போட்டிருக்குது, பதிவெல்லாம் வேண்டாம்" என்பார்கள். அது பாதி உண்மை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும் என்பது மத்திய பதிவுச் சட்டம். பதினோரு மாதமாக எழுதினால் அந்தப் பதிவு மட்டும்தான் தேவைப்படாது. 2017 சட்டப்படி வாடகை அதிகாரியிடம் செய்ய வேண்டிய பதிவு வேறு. அது எத்தனை மாத ஒப்பந்தமானாலும் கட்டாயம். கையெழுத்தான நாளிலிருந்து 90 நாட்களுக்குள் செய்ய வேண்டும். அந்த அதிகாரி துணை ஆட்சியர் தகுதிக்குக் குறையாத வருவாய்த் துறை அலுவலர்.

விண்ணப்பத்தை அரசின் வாடகைப் பதிவு இணையதளத்திலேயே போடலாம். இரு தரப்பின் பெயர், முகவரி, அடையாள எண், வீட்டின் விவரம், வாடகை, அட்வான்ஸ், கால அளவு ஆகியவற்றை நிரப்பி ஒப்பந்தத்தின் ஸ்கேன் நகலை ஏற்றினால், சரிபார்த்தபின் ஒரு பதிவு எண் வரும். வீட்டுக்காரர் அசைந்து கொடுக்கவில்லை என்றால் குடியிருப்பவரே போடலாம். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், பதிவாகாத ஒப்பந்தத்தைச் சான்றாக ஏற்க முடியாது என்று சட்டமே சொல்கிறது. நாளைக்கு அட்வான்ஸ் தர மறுத்தால், கையில் உள்ள பத்திரத்தாள் உங்களுக்குக் கைகொடுக்காது.

அட்வான்ஸ் விஷயத்துக்கு வருவோம். சட்டம் சொல்வது மூன்று மாத வாடகை. 8,000 ரூபாய் வாடகை என்றால் 24,000. ஆனால் 'ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலன்றி' என்ற ஒரு வரியும் அதே பிரிவில் இருக்கிறது. பத்து மாத அட்வான்ஸுக்கு நீங்கள் கையெழுத்துப் போட்டால் அதை ஒத்துக்கொண்டதாகவே அர்த்தம். ஆகவே பேரம் கையெழுத்துக்கு முன்னால்தான். அட்வான்ஸை வங்கி வழியாகவே கொடுங்கள். மாத வாடகைக்கும் ரசீது கேளுங்கள். அதைக் கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை.

வாடகை ஏற்றம் பற்றி ஒப்பந்தத்தில் ஒன்றும் எழுதவில்லை என்றால், மூன்று மாதம் முன்னால் எழுத்தில் தெரிவித்த பிறகுதான் ஏற்ற முடியும். "அடுத்த மாசத்துல இருந்து ஆயிரம் சேர்த்துக் குடுத்துருங்க" என்று வாசலில் நின்று சொல்வது செல்லாது. அதேபோல, சண்டை வந்துவிட்டது என்று தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தவும் அவருக்கு உரிமையில்லை. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் உடனே மனு கொடுங்கள்.

போக்கியத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல். மொத்தமாகப் பல லட்சம் கொடுத்து வாடகையில்லாமல் இருப்பது இங்கே பரவலான வழக்கம். பணம் கொடுக்கும் முன், வீட்டின் மீது பதிவான அடமானம், கிரயம் போன்றவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறை இணையதளத்தில் எடுங்கள். வீடு வங்கியில் அடமானத்தில் இருந்து தவணை நின்றுபோனால் வங்கி அந்த வீட்டைத்தான் தேடி வரும். போக்கியப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யாமல் ஒரு ரூபாயும் கைமாற வேண்டாம்.

படி 4: வாரிய வீடு என்றால்

இரண்டு வாரியங்களையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 1961-இல் தொடங்கிய தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் பெரும்பாலும் வீட்டையும் மனையையும் விற்கிறது. அதோடு அரசு ஊழியர்களுக்கான வாடகைக் குடியிருப்புகளையும் வைத்திருக்கிறது. கோவை கவுண்டம்பாளையத்தில் இருப்பவை அந்த வகை. குடிசை மாற்று வாரியம் என்று இன்றும் பேச்சில் வழங்குவது 1970-இல் தொடங்கியது, 2021-இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. கீரணத்தம், மலுமிச்சம்பட்டி, வெள்ளலூர், உக்கடம் அடுக்குமாடிகள் இதன் கணக்கில் வருபவை.

அரசு ஊழியர் குடியிருப்பு நேரான வழி: அலுவலகத் தலைமை மூலம் விண்ணப்பம், ஒதுக்கீடு வந்ததும் சம்பளத்தில் வீட்டு வாடகைப்படி நின்றுவிடும். ஆகவே அந்த வாடகைப்படி எவ்வளவு, வெளியே அதே அளவு வீட்டுக்கு வாடகை எவ்வளவு என்று கூட்டிக் கழித்துப் பார்த்து முடிவெடுங்கள். மாற்றலோ ஓய்வோ வந்தால் அனுமதித்த காலத்துக்குள் காலி செய்ய வேண்டும்.

வாழ்விட வாரிய வீட்டுக்கு விண்ணப்பிப்பவர் குடும்பத்தில் யார் பேரிலும் சொந்த வீடு இருக்கக் கூடாது, வருமான வரம்புக்குள் இருக்க வேண்டும். நீர்நிலைப் புறம்போக்கு போன்ற இடங்களிலிருந்து அகற்றப்படும் குடும்பங்களுக்கு முன்னுரிமை. ஆதார், குடும்ப அட்டை, வருமானச் சான்றுடன் வாரியத்தின் கோட்ட அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுக்கலாம், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். பயனாளியின் பங்குத் தொகையை வாரியத்தின் கணக்கில் மட்டுமே செலுத்துங்கள். "உள்ளே ஆள் இருக்குது, ஒண்ணரை லட்சம் குடுங்க" என்று வருபவரிடம் கொடுத்த பணத்துக்கு எந்தப் பதிவேட்டிலும் வரவு இருக்காது.

இங்கே பேரம் இல்லை. தொகையையும் நிபந்தனைகளையும் வாரியமும் அரசும்தான் முடிவு செய்யும். உங்கள் கையில் இருப்பது ஒதுக்கீட்டு ஆணை. அதன் பின்பக்கம் அச்சடித்திருக்கும் நிபந்தனைகளை வரி விடாமல் படியுங்கள். உள்வாடகைக்கு விடக் கூடாது, விற்கக் கூடாது, பூட்டிப்போடக் கூடாது, சுவரை இடிக்கக் கூடாது என்பவை வழக்கமாக இருக்கும். மீறினால் ஒதுக்கீடு ரத்தாகும். அதன்பின் அங்கே இருப்பவர் 'அனுமதியற்ற குடியிருப்பாளர்'. அவரை வெளியேற்ற வாடகை நீதிமன்றம் போக வேண்டியதில்லை, 1975-ஆம் ஆண்டின் பொது இடங்களிலிருந்து வெளியேற்றும் சட்டமே போதும். அதிகாரி அறிவிப்பு அனுப்புவார், விளக்கம் கேட்பார், பிறகு ஆணை போடுவார். விளக்கம் கேட்டு வரும் அந்தக் கடிதத்தைப் பிரிக்காமல் வைத்துவிடுவதுதான் நடக்கும் பெரிய தவறு. கடைசித் தேதிக்குள் எழுத்தில் பதில் கொடுத்தே தீர வேண்டும்.

படி 5: ஒதுக்கீடு பெற்றவரிடம் வாடகைக்குப் போகாதீர்கள்

வேலைக்கு வெகுதூரம் என்று, ஒதுக்கீடு பெற்ற குடும்பம் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். வீட்டை வேறொருவருக்குக் குறைந்த வாடகைக்கு விடும். வெளியே 6,000 கேட்கும் இடத்தில் 2,500-க்குக் கிடைக்கிறது என்று போகிறார்கள். இப்போது அப்படி வாடகைக்குப் போன குடும்பத்தின் நிலையைப் பாருங்கள். வாரியத்தின் பதிவேட்டில் அவர்கள் பெயர் இல்லை. வாரிய வீடு என்பதால் 2017 சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை. கணக்கெடுக்க அலுவலர்கள் வந்து குடும்ப அட்டையையும் ஆதாரையும் கேட்டால் காட்ட ஒன்றுமில்லை. வீட்டுக்குப் பூட்டுப் போட்டால் கொடுத்த அட்வான்ஸை எந்த அலுவலகத்திலும் கேட்க முடியாது. ஒதுக்கீடு பெற்றவரும் வீட்டை இழப்பார். தவணை முடிந்து அவர் பேரில் கிரயப் பத்திரம் ஆகியிருந்தால் கதை வேறு, அப்போது அதைப் படி 3-இல் சொன்னபடி நடத்துங்கள்.

குடிபோகும் நாளில்

மின் மீட்டரைப் பாருங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். தனி இணைப்பு இருந்தால் அது உங்களுக்குக் கிடைக்கும். லைன் வீடுகளில் ஒரே இணைப்பில் நாலைந்து குடித்தனத்துக்குச் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று வாங்குவார்கள். இரண்டு மாதத்தில் 180 யூனிட் ஓடினால் அங்கே 1,800. தனி இணைப்பில் கட்டணம் 80 யூனிட்டுக்குத்தான். 'வாடகை ஐநூறு கம்மி' என்ற வீட்டின் லாபம் இங்கே போய்விடும். சிறுவாணித் தண்ணீரோ ஆற்றுத் தண்ணீரோ எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, தொட்டி எத்தனை குடித்தனத்துக்குப் பொது, போர் தண்ணீர் எவ்வளவு உப்பு என்பதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள், புரோக்கரிடம் வேண்டாம்.

தனியார் வீட்டில் பழுது யார் பொறுப்பு என்பதை 2017 சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பிரிக்கிறது. சுவர் விரிசல், வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் வர்ணம், குழாய் மாற்றுவது, ஒயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பக்கம். குழாய் வாஷர், ஸ்விட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு ஆகியவை குடியிருப்பவர் பக்கம். காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைப் பிடிப்பது ஊர் வழக்கம், அட்டவணையோ அதை வீட்டுக்காரர் செலவாகத்தான் சொல்கிறது. சாமான் இறக்கும் முன் ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுங்கள்: ஓதம் ஏறிய சுவர், உடைந்த டைல்ஸ், மீட்டர் ரீடிங் எல்லாம் தேதியோடு வரட்டும். அதை அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

காலி செய்யும்போது சாவியைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். 'இன்ன தேதியில் வீட்டை ஒப்படைத்தேன், மீட்டர் ரீடிங் இவ்வளவு, திரும்ப வர வேண்டிய அட்வான்ஸ் இவ்வளவு' என்று இரண்டு பிரதி எழுதி வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். பாக்கி கழித்து மீதியை ஒரு மாதத்துக்குள் அவர் தர வேண்டும், அந்தக் கணக்கு இந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். வாரிய வீடானால் ஒப்படைப்பு மனுவைக் கோட்ட அலுவலகத்தில் கொடுத்து நிலுவையில்லாச் சான்று வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை பழைய ரசீதுகளில் ஒன்றைக்கூடக் கிழிக்க வேண்டாம்.