வாடைக்கு கொழும்பு, கச்சானுக்கு புறாத்தீவு

மட்டக்களப்பு ஆக்கள் கொழும்புக்கு போகாம இல்ல. பாஸ்போட் எடுக்க, ஏஜென்சிக்கு, கிளினிக் காட்ட, ஆரயாவது ஏர்போட்டில ஏத்திவிட எண்டு வருசத்துக்கு ரெண்டு மூணு தரம் போய்த்தான் வாறம், ஆனா அலுவல் முடிஞ்ச உடன அடுத்த பஸ்ஸுக்கு ஓடிருவம். கொழும்பு எப்பிடி எண்டு கேட்டா கோட்ட ஸ்டேசனும் வெள்ளவத்தையில ஒரு தோசக் கடையும்தான் ஞாபகம் வரும். அதால அலுவல் ஒண்டும் இல்லாம சும்மா ரெண்டு நாள் போய் பாருங்க. அதே மாதிரி திருகோணமலை நிலாவெளிக் கடலில இருக்கிற புறாத்தீவுக்கும் ஒரு ரெண்டு நாள். ஆனா ரெண்டையும் ஒரே லீவுக்குள்ள போட்டு அடைக்காதீங்க, மாசமே ஒத்துவராது.

எங்கட பக்கம் வாடைக் காத்தும் மழையும் அடிக்கக்குள்ள கிழக்கு கடல் கொந்தளிப்பு, நிலாவெளியில போட் போகாது, போனாலும் தண்ணி கலங்கி கெடக்கும். ஆனா ஜனவரி பெப்ரவரியில கொழும்பு மழை இல்லாம நல்லா காஞ்சு இருக்கும். மறுகா மே தாண்டினா கொழும்பு பக்கம் மழையும் கடல் அடியும், இஞ்ச தென்மேற்கால வாற கச்சான் காத்து அடிச்சு கடல் தட்டையா வந்துரும். அப்ப தீவுக்கு மேயில இருந்து செப்டம்பர் வரைக்கும், கொழும்புக்கு வருசத் தொடக்கம். அவ்வளவுதான் கணக்கு.

முதல்ல கொழும்பு. ரோட்டால 300 கிலோமீட்டருக்கு மேல, ராவு வண்டியில போனா ஒரு நாள் ரூம் காசு மிச்சம். ரயில் எண்டா 30 நாளைக்கு முந்தியே சீட் புக் பண்ணலாம், போயா (முழுநிலா நாள்) சேந்து வாற நீண்ட லீவுக்கு கடைசி நேரம் போய் கேட்டா நிண்டுதான் போகணும். நேரத்துக்கு போய் சேருவன் எண்டு மட்டும் ஆருக்கும் வாக்கு குடுக்காதீங்க, மின்னேரியா ஹபரணை பக்கம் யானை லைன்ல நிக்கும், 2025 பெப்ரவரியில அந்தப் பக்கம்தான் கன யானை ரயில்ல அடிபட்டு செத்து ரயிலும் தடம் புரண்டது, அதால மெதுவா போனா டிரைவர ஏசாதீங்க. ரயில் நேரமும் மாறிக்கிட்டே இருக்கும், வெளிக்கிட முந்தி ஸ்டேசன்ல ஒருக்கா கேளுங்க. கல்முனை, காத்தான்குடி பக்கத்து ஆக்களுக்கு பஸ்தான் லேசு, வாசல்லயே ஏறலாம்.

விடிய கோட்டையில எறங்கினா பேக்கோட அலையாதீங்க. வெள்ளவத்தையில ரூம் எடுத்தா தமிழ்ச் சாப்பாடும் கிடைக்கும், கோட்டையில இருந்து கரையோர ரயில்ல போயிரலாம், வலப்பக்கம் இருந்தா வழி முழுக்க கடல். பஸ் எண்டா 100, 101 ரெண்டுமே காலி வீதியால போறது. முதல் நாள் புறக்கோட்டைக்கு நடந்து போங்க, மெயின் ஸ்ட்ரீட்டால உள்ள போனா ரெண்டாம் குறுக்குத் தெருவில 1908ல கட்டத் தொடங்கின சிவப்புப் பள்ளிவாசல், அதுக்கங்கால செட்டியார் தெரு நகைக் கடைகள், இன்னும் கொஞ்சம் நடந்தா கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். ஞாயிற்றுக்கிழம போகாதீங்க, பெரிய கடைகள் கனக்க பூட்டித்தான் கெடக்கும். சாமான் வாங்கினா சொல்ற விலைய அப்பிடியே குடுக்காதீங்க, நான் ஒருக்கா ஒரு பேக்குக்கு குடுத்த காசு பக்கத்துக் கடையில ரெண்டு பேக் விலை, இண்டைக்கும் வீட்டில சொல்லிச் சிரிக்காங்க.

பின்னேரம் காலிமுகத்திடல். 1859ல இருந்து சனம் காத்து வாங்குற இடம், இறால் வடைய சூடா வாங்கி கடலப் பாத்து திண்ணுங்க, வேற ஒண்டும் செய்யத் தேவல்ல. அடுத்த நாள் 1877ல துறந்த மியூசியம், நேரம் இருந்தா தாமரைக் கோபுரம். அது கிட்டத்தட்ட 350 மீட்டர், புள்ளைகளுக்கு புடிக்கும், எனக்கு கீழ இருந்து பாத்ததே போதும். ஓட்டோவ ரோட்டில மறிக்காம பிக்மீ எண்ட போன் ஆப்பில போடுங்க.

இப்ப புறாத்தீவு. மட்டக்களப்பில இருந்து வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா எண்டு கடலோர ரோட்டால ஏறக்குறைய 130 கிலோமீட்டர் திருகோணமலைக்கு. முந்தி இந்த வழியில ஆத்துக்கு ஆறு பாதையில (ஆளையும் வண்டியையும் ஏத்துற மிதவையில) ஏறி எறங்கித்தான் போறது, இப்ப எல்லாம் பாலம், 2009ல துறந்த கிண்ணியாப் பாலம் மட்டும் 396 மீட்டர். திருகோணமலையில இருந்து நிலாவெளி இன்னும் ஒரு 15 கிலோமீட்டர். முதல் நாள் பின்னேரமே போய் உப்புவெளியிலயோ நிலாவெளியிலயோ தங்குங்க, ஏனெண்டா தீவுக்கு காலமதான் போகணும். நாங்க முதல் தரம் மட்டக்களப்பில இருந்து விடிய வெளிக்கிட்டு பகல் பன்னண்டுக்கு போட் ஏறினம், காத்து எழும்பி, மச்சாள் சத்தி எடுத்து, தண்ணிக்குள்ள ஒரு மீனையும் வடிவா பாக்க ஏலாம வந்தது.

தீவு கரையில இருந்து ஒரு கிலோமீட்டர்தான். 2003ல இருந்து தேசியப் பூங்கா, அதால கடற்கரையில இருக்கிற வனஜீவராசிகள் கவுண்டர்ல டிக்கட் எடுக்கணும், அடையாள அட்டை கொண்டு போங்க. கனடா லண்டன்ல இருந்து வந்த சொந்தக்காரரோட போறண்டா முதலே சொல்லி வைங்க, வெளிநாட்டு பாஸ்போட் எண்டா டிக்கட் விலை வேற, தமிழ் கதைச்சா விட்டுருவாங்க எண்டு நினைச்சு அங்க போய் நிண்டு சண்ட புடிக்கிறதில பிரயோசனம் இல்ல. போட் காசு போட்டுக்கு எண்டுதான் வாங்குறது, அதால அஞ்சாறு பேரா போனா தலைக்கு குறையும், ஏற முந்தியே எவ்வளவு எண்டு பேசி முடிங்க.

தீவில கடை இல்ல, தண்ணி கொண்டு போங்க, வெறும் போத்தலையும் திருப்பி கொண்டு வாங்க. மாஸ்க்க கரையிலயே வாடகைக்கு எடுத்து, மூச்சு விட கரைத் தண்ணியிலயே ஒரு பத்து நிமிசம் பழகிட்டு போங்க. செட்டை நுனி கறுப்பா இருக்கிற சின்னச் சுறா வரும், பயந்து துள்ளாதீங்க, அது உங்களக் கண்டா விலகிப் போயிரும். துள்ளினா முருகைக்கல்லில (பவளப்பாறையில) கால் படும், காலும் கிழியும், கல்லும் உடையும், அது திரும்ப வளர கனகாலம் எடுக்கும். கரையில ஒதுங்கின கல்லுத் துண்டையும் பேக்குக்குள்ள போடாதீங்க, அதுவும் சட்டத்துக்கு பிழை. நீந்தத் தெரியாட்டி லைஃப் ஜாக்கெட் கழட்டவே வேணாம்.

மத்தியானத்துக்குள்ள கரைக்கு வந்துட்டா கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழிலயும் அள்ளிக் குளிச்சு உப்பக் கழுவிட்டு வெளிக்கிடலாம். இருட்ட முந்தி வாகரையத் தாண்டுற மாதிரி பாருங்க, அந்த ரோட்டிலயும் யானை வரும்.