குட்டியானையில் இரண்டு பேர்: வடசென்னையில் ஒரு பயணக் காமெடி குறும்படம் எடுக்க

ஒத்துவராத இரண்டு பேரை ஒரே குட்டியானையில், அதாவது டாடா ஏஸ் சிறு சரக்கு வண்டியில், ஏற்றினால் மட்டும் சிரிப்பு வந்துவிடாது. இருவரின் குணம் வேறுபட்டால் போதாது, அவசரமும் வேறுபட வேண்டும். காசிமேட்டிலிருந்து பொன்னேரி கல்யாண வீட்டுக்கு ஐஸ் பெட்டியில் வஞ்சிரம் ஏற்றிக் கிளம்புகிறான் ஒரு பையன். பக்கத்தில் சீர்வரிசைப் பட்டுப்புடவையோடு மணப்பெண்ணின் பெரியப்பா. கிழமை திங்கள்; ராகுகாலம் 7.30 முதல் 9 வரை. "இன்னா சார், ஐஸு கரையுது." "ஒன்பது அடிக்கட்டும் தம்பி." இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் காட்சி எடுபடுகிறது.

சிரிப்பு பேசுகிறவர் முகத்தில் இல்லை, கேட்கிறவர் முகத்தில் இருக்கிறது. ஆகவே முதலில் இருவரும் சேர்ந்து தெரியும் ஷாட்டை முன்கண்ணாடி வழியாகக் காட்சி முழுவதும் ஓடவிட்டு எடுங்கள். குளோசப் பிறகு. கேமராவை உறிஞ்சுபிடி மவுண்டில் மாட்டி, தனியாக ஒரு பாதுகாப்புக் கயிற்றாலும் கட்டுங்கள். வானம் கண்ணாடியில் விழுந்து முகத்தை மறைக்கும். லென்ஸில் மாட்டும் போலரைசரை (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) திருப்பிச் சரிசெய்யுங்கள்.

பலரும் கோட்டைவிடுவது திசையில்தான். எண்ணூர் விரைவுச் சாலையில் வடக்கே போகும்போது கடல் வலப்பக்கம், அதாவது ஓட்டுகிறவர் பக்கம். காலை வெயிலும் அங்கிருந்துதான் வரும். திரும்பி வரும் வழியில் 'ஒரு ஷாட் பாக்கி' என்று எடுத்தால் கடல் இடம் மாறி, இருவரும் வீட்டுக்குத் திரும்புவதுபோலத் தெரியும். விட்ட ஷாட்டுக்குத் திருவொற்றியூருக்கே போய் மறுபடி வடக்கு நோக்கி வாருங்கள்.

கண்டெய்னர் லாரிகள் ஓடும் அந்தச் சாலையில், ஓட்டிக்கொண்டே நடிக்க யாரையும் விடாதீர்கள். இரவில் நடக்கும் காட்சி இருந்தால், அதன் நீளமான வசனத்தை நிறுத்திய வண்டியில் எடுக்கலாம். பம்பருக்கு அடியில் பலகை கொடுத்து ஒருவர் லேசாக அசைக்க, தெருவிளக்குகள் கடந்து போவதுபோல இருவர் எல்இடி விளக்கோடு முன்னிருந்து பின்னாக நடக்க வேண்டும். விளக்கு ஒரே இடைவெளியில் வந்தால் குட்டு வெளிப்படும். பலகையை அதிகம் அழுத்தினால் படகில் போவதுபோல் இருக்கும். டீக்கடை டியூப்லைட்டில், நொடிக்கு 24 ஃபிரேமில் எடுக்கும்போது ஷட்டர் வேகத்தை 1/50 நொடியாக வையுங்கள். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வேறு வேகத்தில் படம் மினுங்கலாம்.

ஒலிக்குக் காலர் மைக். சீட்பெல்ட் உரசாத பக்கம் குத்துங்கள்: ஓட்டுகிறவருக்கு இடது காலர், பக்கத்தில் இருப்பவருக்கு வலது. குட்டியானையில் இருக்கைக்குக் கீழேயே எஞ்சின் இருப்பதால், யாரும் பேசாமல் ஒரு நிமிடம் எஞ்சின் சத்தத்தைத் தனியாகப் பதிந்துகொள்ளுங்கள். எடிட்டிங்கில் வெட்டுகளை ஒட்ட அதுதான் உதவும். ஒவ்வொரு டேக்குக்கும் முன் ஐஸ் பெட்டியைப் போட்டோ எடுங்கள். கரைந்த ஐஸ் அடுத்த ஷாட்டில் மறுபடி கட்டியாக நின்றால் கதையின் கடிகாரமே பொய்யாகிவிடும்.

காசிமேட்டுக் காற்றில் உப்பு உண்டு. லென்ஸை முதலில் ஊதி, பிறகு ஈரத்துணியால் ஒற்றியெடுங்கள். காய்ந்த துணியால் தேய்த்தால் கீறும். மீன்பிடித் துறைமுகத்துக்கும் சாலைக்கும் அனுமதி முன்கூட்டியே வாங்குங்கள். சென்னைத் துறைமுக வாசல்கள் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம்.