கொசுவுக்குள் பாக்டீரியா தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழைக்காலம் முடிந்ததும் வியாசர்பாடி, கொடுங்கையூர், கொருக்குப்பேட்டைப் பக்கம் கொசு பிடிக்க ஆண்டுதோறும் புது மாணவர்கள் கிளம்புகிறார்கள். நாங்கள் தொடங்கிய காலத்தில் இடறிய இடங்களிலேயே இவர்களும் இடறுகிறார்கள். குழாயில் தேதி எழுதுவது, கையுறை அணிவது போன்றவற்றை வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பட்டை தெரிந்ததும் கூட்டுயிரி என்று அறிவிப்பது

எனக்கு இன்றும் ஆத்திரமூட்டும் தவறு இதுதான். பட்டை என்பது டி.என்.ஏ. சோதனையின் முடிவில் ஜெல்லில் தெரியும் கோடு. கூட்டுயிரி என்பது பூச்சியின் உடலுக்குள்ளேயே வாழும் பாக்டீரியா. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுவில் வோல்பாக்கியா என்னும் பாக்டீரியா இயல்பாக வாழ்வதற்கு உறுதியான சான்று இல்லை. க்யூலெக்ஸ் கொசுவிலோ அது தாராளமாக உண்டு. வடசென்னையில் இரண்டும் ஒரே வீட்டில் கிடைக்கும். வீட்டு டிரம்மில் ஏடிஸ் பிறக்கிறது. பக்கிங்காம் கால்வாயிலும் ஓட்டேரி நல்லாவிலும் தேங்கும் கழிவுநீரில் க்யூலெக்ஸ் பிறக்கிறது.

ஒரு மாணவர் ஜெல் படத்தோடு ஓடி வந்தார். கொடுங்கையூர் ஏடிஸில் வோல்பாக்கியா பட்டை பளிச்சென்று தெரிந்தது. ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தையே எழுதி முடித்திருந்தார். நான் இரண்டே கேள்விகள் கேட்டேன். பிடித்த கொசுக்களை எங்கே வைத்திருந்தீர்கள்? க்யூலெக்ஸோடு ஒரே கூண்டில், இரவு முழுக்க. கொசுவே போடாத வெற்றுக் குழாய் ஒன்றை உடன் ஓட்டினீர்களா? இல்லை.

அதற்குள் மாதிரிகள் டி.என்.ஏ. வரிசைப்படுத்தலுக்குப் போய்விட்டன. நிதியில் பெரும்பகுதி அதிலேயே கரைந்தது. வந்த வரிசை க்யூலெக்ஸில் வாழும் வோல்பாக்கியாவோடு அச்சு அசலாக ஒத்திருந்தது. அதே தெருவிலிருந்து புழுக்களாக எடுத்து வந்து, தனித்தனியே வளர்த்து, வெளிப்புறத்தைக் கழுவிச் சோதித்தபோது ஒன்றிலும் பட்டை இல்லை.

ஒடிந்த ஒரு கால், உதிர்ந்த சில செதில்கள் போதும். பி.சி.ஆர். துளியளவு டி.என்.ஏ.வையும் கோடிக்கணக்காகப் பெருக்கிக் காட்டும். அந்த டி.என்.ஏ. கொசுவின் சூலகத்திலிருந்து வந்ததா, கூண்டுத் துணியிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. டி.என்.ஏ. பிரிக்கப் பயன்படுத்தும் கரைசல்களிலேயே பாக்டீரியாவின் எச்சம் இருக்கக்கூடும். அதனால்தான் பிடித்தல், பிரித்தெடுத்தல், பெருக்குதல் ஆகிய ஒவ்வொரு கட்டத்திலும் வெற்று மாதிரி கட்டாயம் வேண்டும்.

வெற்று மாதிரி சுத்தமாக வந்தாலும் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. தாயிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுகளுக்குப் போகிறதா? ஒளிரும் சாயமிட்டுப் பார்த்தால் சூலகத் திசுவுக்குள் தெரிகிறதா? ஆன்டிபயாடிக் கொடுத்தால் மறைகிறதா? இவற்றைக் காட்டாமல் கூட்டுயிரி என்று எழுதாதீர்கள். ஹெர்டிக்கும் வோல்பாக்கும் க்யூலெக்ஸில் இந்த பாக்டீரியாவைக் கண்டது 1924இல். சில இணைகளின் முட்டைகள் பொரியாமல் போவதற்கு அதுவே காரணம் என்று யென், பார் இருவரும் காட்டியது 1971இல். இடையே, 1967இல், ரங்கூனுக்கு அருகே ஒக்போ கிராமத்தில் ஊர்ப் பெண் கொசுவோடு சேர்ந்தால் முட்டை பொரியாத, பொருந்தா ஆண் கொசுக்களை விட்டு க்யூலெக்ஸை ஒழித்துக் காட்டினார் லாவன். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் குடியேறிய வியாசர்பாடியில் கொசு பிடிப்பவர்கள் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

பொய்யான ஒரு பட்டையால் வரும் கேடு ஆய்வேட்டோடு நிற்பதில்லை. வோல்பாக்கியா ஏடிஸுக்குள் டெங்கு வைரஸ் பெருகுவதைத் தடுக்கும். அதை ஏற்றிய ஏடிஸ் கொசுக்களை விட்டதில் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் டெங்கு 77 விழுக்காடு குறைந்ததாக 2021இல் முடிவு வெளியானது. அத்தகைய கொசுக்களைப் புதுச்சேரியில் உள்ள ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) மையம் உருவாக்கியிருப்பதாக 2022இல் செய்தி வந்தது. ஊர்க் கொசுவில் வோல்பாக்கியா இல்லை என்பதே இந்த முறைக்கு அடித்தளம். இருக்கிறது என்று யாரோ அவசரப்பட்டு எழுதினால், அதை மறுக்கவே மற்றவர்களின் ஆண்டுகள் போய்விடுகின்றன.

செதில் உதிர்ந்த கொசுவுக்குப் பெயர் வைப்பது

மார்பின் மேல் யாழ் வடிவில் வெள்ளைக் கோடுகள் என்றால் எஜிப்தி. நடுவில் ஒற்றைக் கோடு என்றால் இன்னோர் ஏடிஸ் இனமான ஆல்போபிக்டஸ். அதில் வோல்பாக்கியா இயல்பாகவே உண்டு. கோடு அழிந்திருந்தால் அந்தக் கொசுவை ஒதுக்கிவிடுங்கள்.

நீர்த்த எத்தனால்

பிடித்த கொசுவைப் போட்டு வைக்கும் எத்தனால் 95 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது.

கேட்காமல் டிரம்மைத் திறப்பது

கொருக்குப்பேட்டையில் ஓர் அம்மா, "தம்பி, லாரித் தண்ணீர், குடிக்க வைத்திருக்கிறேன்" என்று மாணவரின் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் செய்தது சரி. கால்வாயில் தோய்த்தெடுத்த கரண்டி குடிநீரில் படவே கூடாது.

வண்டின் வயதைக் குறிக்காமல் விடுவது

கொசு வேண்டாம் என்று மளிகைக் கடை அரிசியிலிருந்து கூன்வண்டு எடுப்பவர்களுக்கு இது. அதன் உடலில் வாழும் சோடாலிஸ் பாக்டீரியா, ஓடு கெட்டிப்படத் தேவையான அமினோ அமிலங்களைத் தருகிறது. ஓடு கறுத்து இறுகியதும் வண்டு தன் குடலிலுள்ள பாக்டீரியாவைச் செரித்துவிடும். பெண் வண்டின் சூலகத்தில் மட்டும் அது தங்கும். வெளிவந்து சில வாரங்களான ஆண் வண்டை அறுத்துவிட்டு, "இங்குள்ள வண்டில் சோடாலிஸ் இல்லை" என்று எழுதி வருகிறார்கள். வெளிறிய பழுப்பு நிறத்தில் இருக்கும் புது வண்டுகளைத் தனியே பிரியுங்கள். வெளிவந்த நாளைப் புட்டியிலேயே எழுதுங்கள்.

டெட்ராசைக்ளின் கொடுத்த கையோடு ஒப்பிடுவது

கூட்டுயிரியை ஒழிக்கக் கொடுக்கும் இந்த ஆன்டிபயாடிக் அதோடு நிற்காது. குடல் பாக்டீரியாவையும் கொல்லும், பூச்சியின் செல்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவையும் பாதிக்கும். முட்டை குறைந்தது எதனால் என்று பிறகு பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு தலைமுறையாவது மருந்தில்லாமல் வளர்த்து, குடல் பாக்டீரியாவைத் திரும்பச் சேரவிட்டு, அதற்குப் பிறகு முட்டைகளை எண்ணத் தொடங்குங்கள்.