‘கோல்டன் கேர்ள்ஸ்’ பகடியை டிராக் மேடையில் போடுவது எப்படி?

விக், ஒப்பனை, உடையால் மிகைப்படுத்திய பெண் அல்லது ஆண் வேடம் போட்டு மேடையேறுவதுதான் டிராக். 1985 முதல் 1992 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியான என்.பி.சி.யில் வந்த ‘தி கோல்டன் கேர்ள்ஸ்’, ஒரே வீட்டில் வாழும் நான்கு மூத்த பெண்களின் நகைச்சுவைத் தொடர். அதைப் பகடி செய்ய நான்கு பேர், ஒரு சோபா, ஒரு சமையலறை மேசை போதும். மேசைக்கு மூன்று நாற்காலிதான். அசல் தொடரிலும் அப்படித்தான். நான்காவது போட்டால் ஒருவர் முதுகைக் காட்டுவார். நான்காமவர் நிற்கட்டும், சீஸ்கேக் எடுக்கப் போகட்டும்.

வேடத்துக்கான புருவத்தை வரையுமுன் சொந்தப் புருவத்தை மறைப்பதில்தான் பலர் சொதப்புவார்கள். முதலில் எண்ணெய்ப் பசை போகத் துடையுங்கள். இல்லாவிட்டால் மேடை விளக்குச் சூட்டில் எல்லாம் உரிந்துவிடும். தோலுக்கு ஒத்துக்கொள்ளும் பசைக்குச்சியை முடிக்கு எதிர்த்திசையில் தேய்த்து, படிய வாருங்கள். மெல்லிசாக மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது; கடைசியில் பவுடர். ஒரே தடவையில் அப்பினால் வெடிக்கும்.

நால்வரில் கிண்டல்காரியான டாரதிக்கு வசனத்தைவிட முறைப்பு முக்கியம். வெகுளியான ரோஸ் உளறி முடித்ததும் அசையாமல் பார்க்க வேண்டும். சிரிப்பு உச்சிக்குப் போய்த் தணியத் தொடங்கும்போது வாய் திறந்தால் போதும். முந்தினால் வசனம் யாருக்கும் கேட்காது. இந்தச் சிரிப்பு நேரத்தையும் கணக்கில் வைத்துக் கதையைச் சுருக்குங்கள்.

டாரதியின் அம்மா சோபியாவுக்கு வயதானவரைத் தேட வேண்டாம். அம்மாவாக நடித்த எஸ்டெல் கெட்டி, மகளாக நடித்த பீ ஆர்தரைவிட இளையவர். விக்கும் ஒப்பனையும் செய்த வேலை அது!

அசல் வசனத்தை அப்படியே எடுக்க உரிமை வாங்க வேண்டும், சொந்தமாக எழுதுங்கள். ‘இவள் உண்மையில் ஆண்’ என்று சிரிக்கவைக்கும் வரி ஒன்றுகூட வேண்டாம். குழுவில் திருநங்கை நடிகை இருந்தால், அவருடைய அடையாளத்தையே அது பொய்யென்கிறது.