கிறிஸ்துமஸ் பரிசு: மழலைகளின் கைவேலையில் பெரியவர்கள் செய்யும் தவறுகள்

டிசம்பர் பிறந்தால் எங்கள் மழலையர் பள்ளியில் பழைய அட்டைப்பெட்டிகளும் துணிப்பைகளும் சேர ஆரம்பித்துவிடும். மயிலாடுதுறைப் பக்கம், வாய்க்காலை ஒட்டிய சின்னப் பள்ளி. எல்கேஜி, யுகேஜி இரண்டும் சேர்த்து முப்பது பிள்ளைகள், மூன்று வயதிலிருந்து ஐந்து வரை. கிறிஸ்துமஸ் லீவு விடுவதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையும் அம்மா அப்பாவுக்குத் தன் கையால் ஒரு பரிசு செய்து எடுத்துப்போக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். இத்தனை வருடத்தில் எதைச் செய்யக்கூடாது என்று கற்றுக்கொண்டதுதான் அதிகம். வீட்டில் பேரப்பிள்ளையோடு உட்காரும் தாத்தா பாட்டிக்கும், அங்கன்வாடியில் இருப்பவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

முதல் தவறு எல்லோரும் செய்வது. நானும் செய்தேன். ஒரு வருடம் சிவப்புச் சார்ட் பேப்பரில் கிறிஸ்துமஸ் தாத்தா செய்யலாம் என்று தீர்மானித்தோம். முகத்தை நாங்கள் வெட்டினோம், தொப்பியை நாங்கள் ஒட்டினோம். தாடிக்குப் பஞ்சு ஒட்டும் வேலைதான் பிள்ளைகளுக்கு. அதிலும் பசை எல்லா இடத்திலும் ஈஷியதும், "இரு, இரு, மிஸ் ஒட்டித் தரேன்" என்று வாங்கிக்கொண்டோம். முப்பது தாத்தாக்களும் ஒரே அச்சாக வந்தார்கள். வரிசையாக மாட்டியபோது பார்க்க அழகாகத்தான் இருந்தது. சாயங்காலம் கேட் பக்கத்தில் ஒரு அம்மா மகனிடம், "இதுல நீ என்னடா செஞ்ச?" என்று ஆசையாகக் கேட்டார். நாலு வயதுப் பையன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் பாத்தேன்மா" என்றான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த வருடத்திலிருந்து ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். பெரியவர் கை முன்வேலையில் மட்டும் இருக்கலாம்: வெட்டி வைப்பது, கலந்து வைப்பது, விரித்து வைப்பது. பிள்ளை உட்கார்ந்த பிறகு நம் கை மடியில்தான் இருக்க வேண்டும். பொம்மையின் கண் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இல்லாமல் காதுக்குப் பக்கத்தில் இருந்தாலும் அதை நகர்த்தக்கூடாது.

அதற்குப் பிள்ளையின் கை எதைச் செய்யும் என்று தெரிந்திருக்க வேண்டும். மூன்று வயதுக் கை கிழிக்கும், பிசையும், ஒற்றும், தட்டும். நாலு வயதில் முனை மழுங்கிய கத்தரிக்கோலால் நேர்க்கோட்டில் ஓரளவு வெட்டும். வளைவாக வெட்டுவது ஐந்து வயதில்கூடப் பலருக்குக் கஷ்டம். மூன்று வயதுக்காரனிடம் நட்சத்திரம் வெட்டச் சொன்னால், கடைசியில் வெட்டுவது நாமாகத்தான் இருப்போம்.

அப்போ நட்சத்திரம் எப்படி வரும்? வெண்டைக்காயில்தான்.

வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் பெரும்பாலும் ஐந்து முனை தெரியும். சாயத்தில் ஒற்றித் துணியில் வைத்தால் நட்சத்திரம் விழும். காம்பே கைப்பிடி. குட்டி விரல்களுக்கு அதைவிடத் தோதான அச்சு கடையில் கிடைக்காது. முற்றல் காயாகப் பார்த்து வாங்க வேண்டும். பிஞ்சு நசுங்கிவிடும். இங்கே ஒரு தவறு நடக்கும்: வெட்டியதும் நேராகச் சாயத்தில் தோய்ப்பது. கொழகொழப்பு சாயத்தை ஒட்டவிடாது, வழுக்கிக்கொண்டு போகும். வெட்டு முகத்தைப் பழைய துணியில் ஒற்றி, அரை மணி நேரம் காற்றாட விட்டால் அச்சு சுத்தமாக விழும். வாழைமட்டையையும் இதேபோல் குறுக்கே வெட்டிப் பாருங்கள். பிறை வடிவில், உள்ளே தேன்கூடு மாதிரிக் கட்டம் கட்டமாக விழும். காவிரிக்கரையில் கொல்லைக்குப் போனால் கிடைக்கிற பொருள் இது.

இந்த அச்சை மஞ்சப்பையில் போடுவதுதான் எனக்குத் தெரிந்து அம்மாவுக்கு ஆகச்சிறந்த பரிசு. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியதிலிருந்து சாதாரணத் துணிப்பை எளிதாகவே கிடைக்கிறது. பையைப் புதிதாக இருக்கும்போதே ஒருமுறை அலசிக் காயவைத்துவிடுங்கள், கஞ்சி போனால்தான் சாயம் பிடிக்கும். உள்ளே ஓர் அட்டையைச் செருக மறந்தால் சாயம் பின்பக்கத்துக்கும் ஊறிவிடும். துணிச் சாயத்தைத் தட்டில் ஊற்றி வைக்காமல், நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சில் தடவி வையுங்கள். பிள்ளை எவ்வளவு அழுத்தித் தோய்த்தாலும் அளவாகத்தான் ஏறும். முழுதாக ஒரு நாள் காய்ந்த பிறகு, பையைத் திருப்பிப்போட்டு உள்பக்கத்திலிருந்து நாம் அயர்ன் பண்ணினால் துவைத்தாலும் போகாது. பையில் நட்சத்திரம் எங்கே விழுகிறது, எத்தனை விழுகிறது என்பது பிள்ளையின் இஷ்டம். ஒரு பெண் ஒரே இடத்தில் பதினைந்து தடவை ஒற்றினாள். அது நட்சத்திரமாக இல்லை, பெரிய சிவப்புப் பூவாக ஆகியிருந்தது. அதை அப்படியே அனுப்பினேன்.

இரண்டாவது பெரிய தவறு, நம் ஊர் வானத்தைப் பார்க்காமல் செய்முறையைப் பார்ப்பது. வெளிநாட்டுக் கைவினைப் பக்கங்களில் கிறிஸ்துமஸ் என்றாலே உப்பு மாவு பொம்மை இருக்கும். இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு தூள் உப்பு, ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர். பிசைந்து, பிள்ளையின் கையை அழுத்தித் தடம் எடுத்து, ஓவனில் மெதுவாகக் காயவைப்பார்கள். அங்கே வெளியே பனி, வீட்டுக்குள் ஹீட்டர் போட்ட வறண்ட காற்று. இங்கே வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை இருக்கிறது. மழை விட்டாலும் மார்கழிப் பனி, வயலெல்லாம் தண்ணீர், காற்றெல்லாம் ஈரம். உப்பு அந்த ஈரத்தை இழுக்கும். நாங்கள் செய்த கைத்தடங்கள் மூன்று நாள் காய்ந்த மாதிரி இருந்தன, நாலாவது நாள் மழையில் வியர்த்துத் தொளதொளவென்று ஆகிவிட்டன. மிச்சத்தை எறும்பு பார்த்துக்கொண்டது. பச்சை மாவைத் தின்பதும் அவ்வளவு உப்பை விழுங்குவதும் குழந்தைக்கு ஆகாது என்பது வேறு. மூன்று வயதில் கை எது, வாய் எது என்ற வித்தியாசம் கிடையாது.

களிமண் ஆசை இருந்தால் அதற்கும் பொறுமை வேண்டும். குயவரிடம் பிசைந்த மண்ணாகவே கேட்டு வாங்குங்கள். செய்ததை வெயிலில் வைத்தால் வெடிக்கும், நிழலில்தான் காய வேண்டும். மழை நாளில் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். உள்ளே ஈரம் இருக்கும்போதே சூளைக்குப் போனால் உடைந்து தெறிக்கும். அதனால் மண்வேலை என்றால் நவம்பர் கடைசியிலேயே தொடங்கிவிட வேண்டும். இவ்வளவும் வேண்டாம் என்றால், கார்த்திகை தீபத்துக்கு வாங்கி மிஞ்சிய அகல் வீட்டில் இருக்குமே, அதன் வெளிப்பக்கத்துக்கு வண்ணம் பூசச் சொல்லலாம். எண்ணெய் ஊற்றி ஏற்ற வேண்டாம், சாயம் தீப்பிடிக்கும். அம்மாவின் சேப்டி பின் போட்டு வைக்கச் சரியாக இருக்கும்.

இனி, பயப்பட வேண்டியவை. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனம் வராது.

குன்றிமணி. சிவப்பும் கறுப்புமாக, பிள்ளையார் கண்ணுக்கு வைப்போமே, அதேதான். கிறிஸ்துமஸ் சிவப்புக்கு எடுப்பாக இருக்கிறது என்று கைவேலைக்கு எடுக்கிறார்கள். அது கொடிய விஷம். முழுதாக இருக்கும்போது ஓடு கெட்டியாக மூடியிருக்கும். கோப்பதற்கு ஊசியால் குத்தினாலோ, பிள்ளை கடித்தாலோ விஷம் வெளியே வரும். அரளி விதை, ஆமணக்கு விதை இரண்டும் அப்படியே. வகுப்பறைக்குள்ளேயே வரக்கூடாது.

எல்இடி நட்சத்திரம், மினுக்கும் குட்டி மெழுகுவர்த்தி என்று கடைவீதியில் மலிவாகத் தொங்கும். உள்ளே இருப்பது காசு மாதிரித் தட்டையான பட்டன் பேட்டரி. விழுங்கிவிட்டால் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே பெரிய புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே, அழுகிறதா சிரிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்த வயதுப் பிள்ளையின் கைவேலையில் பேட்டரியே வேண்டாம்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் கைத்தடம் எடுக்கலாம் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. அந்த மாவு தண்ணீரில் கலந்து இறுகும்போது நன்றாகச் சூடாகும். பிள்ளையின் கையை அதற்குள் புதைத்தால் தோல் வெந்துவிடும், இறுகிய பிறகு கையை எடுக்கவும் முடியாது. கைத்தடம் வேண்டுமென்றால் தாளில் போதும். அதற்குத் துணிச் சாயமோ சுவர் பெயிண்டோ வேண்டாம். குழந்தைகளுக்கென்று விற்கும் தண்ணீர்ச் சாயத்தைக் கெட்டியாகக் கரைத்துக்கொள்ளலாம். மஞ்சள்தூள் குழைத்தும் செய்யலாம், வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு.

தெர்மகோல் உருண்டை மூக்குக்குள் போகும். ஜிகினாத் தூள் கண்ணுக்குள் போகும். தரங்கம்பாடியில் 1718இல் கட்டிய எருசலேம் ஆலயத்தைப் பார்த்துவிட்டுக் கடற்கரைக்கும் போய்வந்த பிள்ளை, டவுசர் பை நிறையக் கிளிஞ்சல் கொண்டுவரும். வாங்கிக்கொள்ளுங்கள். கொதிக்கவைத்து, ஓரம் கூராக இருப்பதை எடுத்துவிட்டு, வாயில் போட முடியாத அளவில் பெரியதை மட்டும் கொடுங்கள்.

ஒரே நாளில் முடிக்க நினைப்பதும் தவறுதான். பத்து, பதினைந்து நிமிடத்துக்கு மேல் உட்காரவைத்தால் பரிசு தண்டனை ஆகிவிடும். முதல் நாள் சாயம், மறுநாள் ஒட்டுதல், அப்புறம் ஒரு நாள் கட்டுவது. கட்டுவதற்கு வாழைநார் இருக்கவே இருக்கிறது, மினுமினுப் பிளாஸ்டிக் தாள் வேண்டாம்.

'அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று' என்று நாமே முடிவுகட்டிவிடுவதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். டெல்டாவில் எத்தனை வீட்டில் அப்பா சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் திருப்பூரிலும் இருக்கிறார். அம்மாவும் வேலைக்குப் போய்விட்டு, பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் இருக்கின்றன. அப்பாவே இல்லாத பிள்ளையும் வகுப்பில் உட்கார்ந்திருக்கும். "இப்ப எல்லாரும் அப்பாவுக்குச் செய்யலாமா?" என்று நான் உற்சாகமாகச் சொன்ன ஒரு நாள், ஒரு குழந்தை கிரையானைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தது. அதன் பிறகு நான் கேட்பது ஒன்றுதான்: "நீ யாருக்குத் தரப்போற?" ஆயாவுக்கு என்றால் ஆயாவுக்கு. ஆட்டோ மாமாவுக்கு என்றால் அவருக்கு. தூரத்து அப்பாவுக்கு என்றால் தட்டையாக, கவருக்குள் அடங்குகிற மாதிரி வாழ்த்து அட்டை. அதில் பிள்ளை சொல்வதைச் சொன்னபடியே எழுதுங்கள். "அப்பா போன்ல சின்னதா இருக்காங்க" என்று ஒரு பெண் சொன்னாள். அதைத் திருத்தி, 'அன்புள்ள அப்பாவுக்கு கிறிஸ்துமஸ் நல்வாழ்த்துகள்' என்று போட்டிருந்தால் அந்த அட்டையில் அவள் இருந்திருக்க மாட்டாள். பெயரும் தேதியும் பின்னால் சின்னதாகப் போதும்.

எங்கள் வகுப்பில் இந்து, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம். குடிலும் குழந்தை இயேசுவும் எல்லோரும் செய்தே தீர வேண்டும் என்று வைப்பதில்லை. நட்சத்திரம் எல்லோர் வீட்டுக்கும் போகும். சந்தேகம் இருந்தால் முன்கூட்டியே பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவேன், இதுவரை யாரும் வேண்டாம் என்றதில்லை.

கடைசியாக ஒன்று. "அம்மாகிட்ட சொல்லக்கூடாது, ரகசியம்" என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை. ஒரு பெரியவர் சொன்னார் என்பதற்காக அம்மாவிடம் ஒன்றை மறைக்கும் பழக்கம் இந்த வயதில் பிள்ளைக்கு வரவே கூடாது. எந்தப் பெரியவர், எதற்காகச் சொல்கிறார் என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. "லீவு விடுற அன்னைக்குக் குடுக்கலாம், அப்ப அம்மா ஆச்சரியப்படுவாங்க" என்றுதான் சொல்கிறேன். சொல்லிவிட்டால் சொல்லட்டும்.

போன வருடம் அப்படித்தான் ஆயிற்று. லீவு விடுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மழைத் தூறல். குடையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வந்த அம்மாவின் சேலையை இழுத்து ஒரு யுகேஜிப் பையன் சொன்னான்: "அம்மா, நாளைக்கு உனக்கு நட்சத்திரப் பை தருவேன். இன்னிக்கு எதுவும் கேக்காத." கையெல்லாம் சிவப்புச் சாயம். அவர் அதைப் பார்க்காத மாதிரியே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "சரி, கேக்கல" என்றார்.