வானில் விமானத்தைத் திருப்புவது எப்படி

படகைச் சுக்கானால் திருப்பிப் பழகியவர், விமானத்தின் வாலில் உள்ள சுக்கானும் அதே வேலையைத்தான் செய்கிறது என்று எண்ணக்கூடும். உண்மையில் விமானத்தைத் திருப்புவது இறக்கையே. இறக்கை சாயும்போது, அதுவரை நேர் மேல்நோக்கி எடையைத் தாங்கிக்கொண்டிருந்த தூக்குவிசையும் சேர்ந்து சாய்கிறது. சாய்ந்த விசையின் கிடைமட்டப் பகுதிதான் விமானத்தை வளைபாதையில் இழுத்துச் செல்கிறது.

இடப்புறம் திரும்ப வேண்டுமானால், அப்பக்கம் வேறு விமானம் இல்லை என்பதை முதலில் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு கட்டுப்பாட்டுக் கோலை மெல்ல இடப்புறம் சாய்த்தால், இட இறக்கையின் பின்விளிம்பில் உள்ள எயிலரான் என்ற அசையும் பலகை மேலெழும். வல இறக்கையினுடையது கீழிறங்கும். விமானம் இடப்புறம் உருளும். ஆனால் கீழிறங்கிய எயிலரான் வல இறக்கையின் தூக்குவிசையோடு காற்றின் இழுவையையும் கூட்டிவிடுவதால், மூக்கு எதிர்த்திசையில், அதாவது வலப்புறம், விலகப் பார்க்கும். சுக்கானுக்கு உரிய வேலை இங்கேதான் வருகிறது: கோலைச் சாய்க்கும் அதே கணத்தில் இடக்கால் மிதியை அளவாக அழுத்தி அந்த விலகலைத் தடுக்க வேண்டும். ரைட் சகோதரர்கள் தங்கள் 1902ஆம் ஆண்டு கிளைடரில் இதே சிக்கலைச் சந்தித்து, அசையாதிருந்த வால்துடுப்பை அசையும் சுக்கானாக மாற்றினார்கள். அவர்களுடைய எஞ்சினைவிட இந்தத் தீர்வையே நான் பெரிதாகப் போற்றுகிறேன்.

மிதியை அழுத்தியது போதுமா என்பதைக் கருவிப் பலகையில், வளைந்த கண்ணாடிக் குழாய்க்குள் உருளும் சிறு குண்டு காட்டும். அது எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கத்து மிதியை அழுத்தினால் நடுவுக்கு வந்துவிடும்.

வேண்டிய சாய்வு கிடைத்ததும் கோலை நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள். இல்லையேல் விமானம் மேலும் உருண்டுகொண்டே போகும். தூக்குவிசையின் ஒரு பகுதி பக்கவாட்டுக்குச் சென்றுவிட்டதால் உயரம் குறையத் தொடங்கும். கோலைச் சற்றுப் பின்னிழுத்து, வாலில் கிடைமட்டமாக உள்ள எலிவேட்டர் என்ற அசையும் பலகையால் அதை ஈடுசெய்யுங்கள். இங்கே மிகுந்த கவனம் தேவை. உயரம் குறையாமல் திரும்பும்போது, 30 பாகைச் சாய்வில் இறக்கை சுமப்பது விமான எடையைப் போல் 1.15 மடங்கு; 60 பாகையிலோ அது 2 மடங்காகி, ஸ்டால் ஆகும் வேகம், அதாவது இறக்கை மீதான காற்றோட்டம் பிரிந்து தூக்குவிசை சரியும் வேகம், சுமார் 41 விழுக்காடு உயர்ந்துவிடுகிறது. நேராகப் பறக்கையில் 50 நாட் வேகத்தில் ஸ்டால் ஆகும் விமானம், அப்போது 70 நாட் வேகத்திலேயே ஸ்டால் ஆகிவிடும். தரையிறங்கத் தாழ்வாக வரும்போது ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிவிட்டோமே என்று பதறி, சுக்கானை மிகையாக மிதித்துக் கோலையும் பின்னிழுப்பது உயிருக்கே ஆபத்து: ஓர் இறக்கை முந்தி ஸ்டாலாகி விமானம் சுழன்று விழும், மீள்வதற்கு உயரம் இருக்காது. அந்நிலையில் இறக்கையைச் சமப்படுத்தி, எஞ்சின் விசையைக் கூட்டி மேலேறி, மறுபடியும் சுற்றி வாருங்கள்.

திருப்பத்தை முடிக்க, விரும்பிய திசையை எட்டுவதற்குச் சாய்வுக் கோணத்தில் பாதியளவு முன்பே, அதாவது 30 பாகைச் சாய்வானால் 15 பாகை இருக்கும்போதே, கோலையும் மிதியையும் ஒருசேர எதிர்ப்பக்கம் செலுத்துங்கள். பின்னிழுப்பையும் அப்போதே தளர்த்துங்கள்; மறந்தால் விமானம் மேலேறத் தொடங்கிவிடும்.