சான்றிதழ் எடுத்த சவுக்கு, தைலமரத் தோப்பில் பூச்சியைச் சமாளிப்பது எப்படி

புதிதாக எங்கள் குழுவில் சேருகிறவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "இனிமே மருந்தே அடிக்கக் கூடாதா தம்பி?" என்பதுதான். அடிக்கலாம். ஆனால் என்ன மருந்து, எதற்காக, அதற்கு முன்னால் வேறு என்ன செய்து பார்த்தீர்கள் என்பதற்கு உங்கள் நோட்டில் பதில் இருக்க வேண்டும். கடலூர், விழுப்புரம் பக்கம் காகித ஆலைக்கு மரம் கொடுக்கிற சிறு விவசாயிகளின் எஃப்.எஸ்.சி. குழுவுக்குக் களப்பணி பார்க்கிறவன் நான். எஃப்.எஸ்.சி. என்பது காட்டையும் தோப்பையும் பொறுப்பாகப் பராமரிப்பதற்கு விதி வகுத்து, அதன்படி சான்றிதழ் கிடைக்கச் செய்கிற உலக அமைப்பு. அந்த விதிப்படி நடக்கிறோமா என்று சோதிக்கத் தணிக்கையாளர் வரும்போது பக்கத்தில் நின்று பதில் சொல்ல வேண்டியவனும் நானே. அதனால் கொஞ்சம் கறாராகத்தான் எழுதுவேன்.

முதலில் விதி. எஃப்.எஸ்.சி.யின் பூச்சிக்கொல்லிக் கொள்கை 2019-இல் மாற்றி எழுதப்பட்டது. அதிக ஆபத்தான மருந்துகளை அது மூன்று அடுக்காகப் பிரிக்கிறது: முழுத் தடை, கடும் கட்டுப்பாடு, கட்டுப்பாடு. ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை (எளிதில் மக்காமல் நெடுநாள் தங்கும் நச்சுகளை ஒழிப்பதற்கானது) போன்ற உலக ஒப்பந்தங்களில் இடம்பெற்றவை முதல் அடுக்கு. மற்ற இரண்டையும் பிரிக்கும்போது உடனடி நச்சு, நாள்பட்ட நச்சு, சுற்றுச்சூழல் நச்சு என்று மூன்று வகையான கேட்டைப் பார்க்கிறார்கள். ஒன்று இருந்தால் கட்டுப்பாடு, இரண்டோ மூன்றோ இருந்தால் கடும் கட்டுப்பாடு. இந்த இரண்டு அடுக்கு மருந்தையும் தொடுவதற்கு முன் ஆபத்து மதிப்பீடு எழுதியாக வேண்டும். அதை எழுதித் தருவது குழு அலுவலகத்தின் வேலை. எங்களிடம் முன்கூட்டியே சொல்வது உங்கள் வேலை.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். டப்பாவில் பச்சை முக்கோணம் இருக்கிறது, அதனால் பரவாயில்லை என்று கடைக்காரர் சொல்வார். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று அந்த நிறங்கள் காட்டுவது உடனடி நச்சின் அளவை மட்டும்தான். மீனுக்கும் தேனீக்கும் என்ன ஆகும், பல வருடம் கழித்து மனிதனுக்கு என்ன வரும் என்பதெல்லாம் அந்த முக்கோணத்துக்குத் தெரியாது. பச்சை முக்கோண மருந்தும் எஃப்.எஸ்.சி.யின் ஆபத்தான மருந்துப் பட்டியலில் மாட்டலாம். பட்டியலில் வணிகப் பெயரும் இருக்காது, மூலப்பொருளின் பெயர்தான் இருக்கும். டப்பாவில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும் அந்தப் பெயரைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். பணம் கொடுப்பதற்கு முன்னால் அனுப்புங்கள்.

நாட்டுச் சட்டம் தனி. டைகுளோர்வாஸ், போரேட் என்கிற பூச்சிமருந்துகள் இரண்டும் 2020 டிசம்பர் இறுதியோடு இந்தியாவில் தடை. பழைய கையேடுகளில் இன்னும் இவை இருக்கின்றன, அவற்றைப் பார்த்து வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். கரையானுக்கு எல்லாரும் கேட்கிற குளோர்பைரிபாஸ், சில விலக்குகளோடு 2025 மே மாதம் ஸ்டாக்ஹோம் பட்டியலில் சேர்ந்தது. கடையில் கிடைக்கிறது என்பதற்காகச் சான்றிதழ் தோப்புக்குள் கொண்டுவர வேண்டாம்.

சரி, பூச்சிக்கு வருவோம்.

நட்ட முதல் வருடத்தில் தைலமரக் கன்று வாடினால், வேறு எதையும் செய்வதற்கு முன் அதைப் பிடுங்கிப் பாருங்கள். மண் மட்டத்துக்குக் கீழே தண்டின் பட்டையைச் சுற்றிவரக் கடித்து, மண் பூசியிருந்தால் கரையான். நுனி வேர்கள் அறுந்து, குழிக்குள் உடலை வளைத்துக்கொண்டு தடித்த வெள்ளைப் புழு கிடந்தால் வேர்ப்புழு. வேர் அழுகி நாற்றமடித்தால் தண்ணீர் தேங்குகிறது. பையில் இருந்தபோதே வேர் ஸ்பிரிங் மாதிரி சுருண்டுபோயிருந்தால் நாற்றங்காலில் வந்த கோளாறு. இந்த நான்கில் பின்னால் சொன்ன இரண்டுக்கும் உலகத்தில் எந்தப் பூச்சிமருந்தும் கிடையாது. ஆனாலும் "கரையான் சார்" என்று சொல்லித்தான் எனக்குப் போன் வரும்.

உண்மையிலேயே கரையான் என்றால், முதலில் எருவைப் பாருங்கள். மக்காத சாணியையும் சருகையும் குழியில் போட்டால் நாமே விருந்துக்கு அழைத்த மாதிரி. நன்றாக மக்கிய எருவோடு குழிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு போடுங்கள். கரையானைக் கொல்லும் மெட்டாரைசியம் என்கிற பூஞ்சாணத்தை மக்கிய எருவில் கலந்து, நிழலில் ஈரம் காயாமல் சில நாள் வைத்திருந்து, மாலையில் ஈர மண்ணில் இடலாம். அது உயிருள்ள பொருள் என்பதால் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். பூஞ்சாணக்கொல்லியோடு கலந்துவிடாதீர்கள். வறட்சியில் வாடி நிற்கிற கன்றைத்தான் கரையான் அதிகம் பிடிக்கும், அதனால் முதல் கோடையில் ஒரு தண்ணீர் கூடுதலாக விட்டாலே இழப்பு குறையும். கன்று செத்த இடத்தில் பாடுவாசியாக வேறு கன்று நட்டுவிடுங்கள். வளர்ந்த மரத்தின் மேல் மண் பூசியிருப்பதைப் பார்த்து மட்டும் பதற வேண்டாம். அங்கே அது தின்பது பெரும்பாலும் காய்ந்த வெளிப்பட்டையைத்தான்.

வேர்ப்புழுவைப் பிடிக்கச் சரியான நேரம் கோடையின் முதல் நல்ல மழைக்கு அடுத்து வரும் மாலைகள். தாய் வண்டுகள் மண்ணிலிருந்து கிளம்பி வேப்பமரத்தில் கூடும். கீழே சாக்கை விரித்துக் கிளையை உலுக்கி, விழுவதை மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போடுங்கள். பக்கத்துக் கொல்லைக்காரர்களும் சேர்ந்து செய்தால்தான் பலன்.

சவுக்கில் பெரிய தொந்தரவு பட்டை தின்னும் புழு. கிளை பிரிகிற கவட்டில் துளை போட்டுக்கொண்டு பகலில் உள்ளே கிடக்கும். இரவில் வெளியே வந்து, நூலும் எச்சமும் பட்டைத் துகளும் சேர்த்துப் பின்னிய பழுப்பு நிறக் கூரைக்கு அடியில் பட்டையைத் தின்னும். தூரத்திலிருந்து பார்த்தால் மரத்தில் அழுக்குப் பிடித்த மாதிரி தெரியும். வருடத்துக்கு ஒரு தலைமுறைதான், அதனால் ஒரு முறை ஒழுங்காகப் பிடித்தால் அந்த வருடத்துக்குப் பெரும்பாலும் போதும். கூரையைத் துடைப்பத்தால் சுத்தமாகத் துடைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் கழித்துப் போய்ப் பாருங்கள். புதிதாகப் பின்னியிருந்தால் உள்ளே உயிரோடு இருக்கிறது. சைக்கிள் சக்கரக் கம்பியைத் துளைக்குள் விட்டுக் குத்தி, வாயைக் களிமண்ணால் அடைத்துவிடுங்கள். முன்பெல்லாம் டைகுளோர்வாஸ் நனைத்த பஞ்சை வைத்து அடைப்பார்கள். கம்பிக்குக் கூலி ஆகும் என்று சொல்பவர்கள், பாதித்த மரம் எத்தனை என்று முதலில் எண்ணிப் பார்க்கட்டும். தோப்பு முழுக்க மருந்தடிக்க நினைத்தவர்களே எண்ணியபின் மனதை மாற்றிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

சவுக்கின் பட்டை கொப்புளித்து, உடைத்தால் கரித்தூள் மாதிரி கொட்டினால் அது கொப்புள நோய், பூஞ்சாணத்தால் வருவது. மரத்தை வேரோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள். அடுத்த மரங்களுக்கு வேர் வழியாகப் போகாமல் சுற்றிலும் பள்ளம் வெட்டுங்கள்.

தைலமரத்தில் இலை நடுநரம்பும் காம்பும் முடிச்சு முடிச்சாகப் புடைத்தால் முடிச்சுக் குளவி. ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள பூச்சி. ஆஸ்திரேலியாவைப் பூர்வீகமாகக் கொண்டது, 2000-களின் தொடக்கத்தில் நம் பக்கம் வந்து சேர்ந்தது. புழு முடிச்சுக்குள்ளே இருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து அதைத் தொடாது. அதைத் தின்னும் குவாட்ராஸ்டிகஸ் மெண்டெலி என்கிற ஒட்டுண்ணிக் குளவிதான் செத்துப்போகும். பெங்களூரின் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் தோப்புகளில் விட்ட குளவி அது. எதிர்ப்புத்திறன் உள்ள குளோன் கன்றாகக் கேட்டு வாங்குவதும், முடிச்சு இருக்கிற கன்றை வண்டியில் ஏற்றும்போதே கழித்துவிடுவதும்தான் இதற்கு வழி.

களைக்கொல்லிக்கும் இதே விதிதான். கிளைபோசேட் என்கிற களைக்கொல்லியைப் பூச்சி கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள் மட்டும்தான் தெளிக்கலாம் என்று மத்திய அரசின் 2022 அக்டோபர் ஆணை சொல்லிவிட்டது. முதல் வருடம் ஊடே உளுந்தோ நிலக்கடலையோ போட்டு, பவர் வீடர் ஓட்டினால் களை அடங்கும். ஊடுபயிருக்கு மருந்து தேவைப்பட்டால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். தோப்புக்குள் கிடக்கும் காலி பாட்டில் எந்தப் பயிருக்கு வாங்கியது என்று தணிக்கையாளர் கேட்கத்தான் போகிறார்.

நோட்டில் எழுத வேண்டியவை: வணிகப் பெயர், மூலப்பொருள், அளவு, தேதி, எந்தக் கொல்லையில் எத்தனை ஏக்கர், என்ன காரணம். கூடவே தெளித்தவர் பெயர், அவருக்குக் கையுறையும் முகக்கவசமும் கொடுத்தீர்களா என்பது. மருந்தே அடிக்கவில்லை என்றால் "அடிக்கவில்லை, கம்பியால் குத்தினோம்" என்று எழுதுங்கள், வெற்றுப் பக்கமாக விடாதீர்கள். காலி டப்பாவை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றிவிட்டு, டப்பாவை ஓட்டை போட்டு வையுங்கள். வாய்க்காலில் கழுவாதீர்கள், எரிக்காதீர்கள். தணிக்கையாளர் முதலில் போவது மோட்டார் கொட்டகைக்குத்தான், பரணில் கையை விட்டுத் தேடுவார். போன வருடத்து அரை பாட்டில் ஏதாவது அங்கே இருந்தால் எனக்கு இப்போதே சொல்லுங்கள்.